பச்சிரிசு ஜெயிச்சது பாசத்தாலயா?

போக்கிமான் போட்டி ஆடுற பசங்க நாலு பேர் கூடினா ஒரு கதை தவறாம வரும். 2014-ல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டி. தென்கொரியாவின் செஜுன் பார்க், பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் சீண்டாத பச்சிரிசு என்ற மின்சார அணிலை டீமில் வைத்துக்கொண்டு சாம்பியன் ஆன கதை. (பேரைப் பார்த்துட்டு யாரும் உலை வைக்க வேண்டாம், அது பச்சரிசி இல்லை :-)) கதை முடிந்ததும் ஒரு நீதி சொல்வார்கள்: "பாத்தியா, புடிச்சதை வச்சு மனசார ஆடினா ஜெயிக்கலாம்!"

கதை நிஜம். நீதி தப்பு. என்னைக் கேட்டால், புதுசா டீம் கட்டுறவங்களை இந்த ஒரு நீதி கெடுத்த மாதிரி வேறெதுவும் கெடுக்கவில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. ஆளுக்கு ஆறு போக்கிமான் கொண்டு போகணும். எதிராளியின் ஆறைப் பார்த்த பிறகு, நம்ம ஆறில் நாலைத் தேர்ந்தெடுக்கணும். களத்தில் ஒரே நேரத்தில் ரெண்டு ரெண்டு பேர். எல்லாருக்கும் லெவல் 50. ஒரே ஐட்டத்தை ரெண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. மொத்தம் 18 டைப். நெருப்புக்குத் தண்ணி ஆகாது, தண்ணிக்கு மின்சாரம் ஆகாது என்கிற மாதிரி. அவ்வளவுதான். சுலபமா தெரியுதில்ல? அதான் வில்லங்கம்.

இப்ப அணிலுக்கு வருவோம். பச்சிரிசுவின் ஆறு அடிப்படைத் திறன்களையும் கூட்டினால் 405. அதே டீமில் இருந்த கார்சாம்ப்புக்கு 600. அணிலின் தாக்கும் திறன் வெறும் 45. இதை எதுக்கு எடுத்தார் மனுஷன்?

டீமில் கியாரடோஸ் இருந்தது, டேலன்ஃபிளேம் இருந்தது. மின்சாரத் தாக்குதல் கியாரடோஸை நாலு மடங்கு அடிக்கும், டேலன்ஃபிளேமை ரெண்டு மடங்கு. பச்சிரிசுவிடம் "ஃபாலோ மீ" இருக்கிறது. எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் மூவ். கூடவே "வோல்ட் அப்சார்ப்" என்கிற குணம். மின்சாரம் பட்டால் காயம் ஆகாது, உடம்பு தேறும். அதாவது நண்பனைக் கொல்ல வந்த அடி இதுக்குக் குளுக்கோஸ் ஏத்தின மாதிரி! "சூப்பர் ஃபேங்" எதிரிக்கு மிச்சமிருக்கும் உயிரில் பாதியை எடுத்துவிடும், அதுக்குத் தாக்கும் திறன் 45 ஆக இருந்தால் என்ன, 5 ஆக இருந்தால் என்ன? "நஸில்" பட்டால் எதிரிக்கு வாதம் வந்து ஸ்பீடு குறையும். பயிற்சிப் புள்ளிகளை அடி தாங்குவதற்கென்றே செலவழித்து வைத்திருந்தார். பெரிய பெரிய ராட்சசர்கள் விட்ட அடியை அந்த அணில் வாங்கிக்கொண்டு நின்றபோது அரங்கமே கத்தியது. பார்க் அதிசயப்பட்டிருக்க மாட்டார் என்பது என் துணிபு. கணக்குப் போட்டவனுக்கு விடை ஏற்கனவே தெரியுமே.

பாசமா இது? வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறார் மக்களே, வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறார்.

சந்தேகம் இருந்தால் 2016-ஐப் பாருங்கள். அந்த வருஷம் அமெரிக்காவின் வொல்ஃப் கிளிக் சாம்பியன். டீமின் பெரிய பலம் கயோகர் என்ற கடல் பூதம். அதுக்கும் மின்சாரம் ஆகாது. பக்கத்தில் யாரை வைத்தார்? ரைச்சூ. அதன் "லைட்னிங் ராட்" குணம் மின்சார அடிகளைத் தானே இழுத்துக்கொள்ளும். ரெண்டு வருஷம் முன்னாடி பச்சிரிசு பார்த்த அதே வேலை, ஆள்தான் வேற.

நடுவில் 2015-ல் நடந்தது இன்னும் சுவாரசியம். ஜப்பானின் ஷோமா ஹோனாமி ஜெயித்த டீமில் கங்கஸ்கான், கிரெசெலியா, ஹீட்ரான், லாண்டோரஸ், அமூங்கஸ். அன்னிக்கு ஊரே வைத்துக்கொண்டு திரிந்த அஞ்சு பேர்! ஆறாவதாக மிலோட்டிக். ஆக, வித்தியாசமா எடுத்தவரும் ஜெயிச்சார், ஊரோடு ஒத்துப் போனவரும் ஜெயிச்சார். பொதுவா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்: யார் எதுக்கு டீமில் இருக்காங்க என்பதற்கு அவர்களிடம் பதில் இருந்தது.

"வேகமா, பலமா இருக்கிற ஆறை எடுத்தா போதாதா?" என்று கேட்பவர்களுக்கு எங்க ஊர் மலை ரயிலைத்தான் காட்டுவேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். ஏறி முடிக்கக் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். நடந்தே போயிடலாம் என்று கிண்டல் பண்ணாத டூரிஸ்ட் கிடையாது. ஆனால் கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பிக்கிறது. சமவெளியில் நூறு கிலோமீட்டரில் பறக்கும் எஞ்சினைக் கொண்டு வந்து அங்கே மாட்டுங்கள், பார்ப்போம். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் இருந்து தள்ளுகிற நம்ம எஞ்சின்தான் குன்னூர் வரைக்கும் ஏறும்.

இந்த விளையாட்டிலும் அப்படி ஒரு தண்டவாளம் உண்டு, பேரு "டிரிக் ரூம்". போட்டால் அந்த டர்னையும் சேர்த்து அஞ்சு டர்னுக்கு, மெதுவானவன் முதலில் அடிப்பான். அடிப்படை ஸ்பீடு 30 வைத்திருக்கும் அமூங்கஸ் அப்போது ராஜா. இதுக்கு நேரெதிர் "டெயில்விண்ட்", நாலு டர்னுக்கு நம்ம ஆட்களின் ஸ்பீடு ரெட்டிப்பு. எந்தத் தண்டவாளத்தில் ஓடப் போறோம் என்று முடிவு பண்ணாமல் எஞ்சின் வாங்கினால் எப்படி?

சரி, எப்படித்தான் கட்டுறது? நான் பின்பற்றுவது இது.

1. முதலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "நான் இப்படி ஜெயிக்கப் போறேன்." உதாரணம், "டிரிக் ரூம் போட்டு, மெதுவான ரெண்டு பேரை வச்சு நாலு டர்னில் முடிப்பேன்." இந்த வாக்கியம் வராவிட்டால் போக்கிமான் பட்டியலைத் திறக்கவே வேண்டாம். என்ன வேணும் என்று கேட்காமல் கோட் அடித்த ப்ராஜெக்ட் எல்லாம் என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியாதா?

2. அந்த வாக்கியத்தை யார் கெடுப்பார்கள் என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பதில் வேணும். ஒரே பதில் இருந்தால், அந்த ஆள் செத்ததும் ஆட்டம் குளோஸ்.

3. ஆறில் நாலைத் தேர்ந்தெடுக்க 15 வழி. அதில் நிஜமாவே ஆடக்கூடியது எத்தனை? மூணு கூடத் தேறவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஆறு பேர் டீம் இல்லை, நாலு பேரும் ரெண்டு பார்வையாளர்களும்.

4. பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510, ஒரு திறனுக்கு அதிகபட்சம் 252. "252 ஸ்பீடு, 252 அட்டாக்" என்று கண்ணை மூடிக் கொட்டாதீர்கள். எந்த எதிரியை முந்தணும், எந்த அடியைத் தாங்கணும் என்று முடிவு பண்ணி அதுக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள், மிச்சம் வேறெதுக்காவது ஆகும். ஒரே அடி 85 முதல் 100 சதவீதம் வரை 16 அளவில் விழலாம். பதினாறிலும் பிழைக்கிறோமா, பத்தில் பிழைக்கிறோமா என்பது தெரிந்திருக்கணும்.

5. அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேருங்கள். 90 சதவீதம் படும் மூவ் மூணு முறை தொடர்ந்து பட வாய்ப்பு 73 சதவீதம்தான். உங்க திட்டம் அதை நம்பி இருந்தால் நாலில் ஒரு ஆட்டம் தானாகவே போச்சு. அப்புறம் "லக் இல்லைடா மச்சான்" என்று புலம்பி என்ன பயன்?

6. ஒரு தோல்விக்கு டீமைக் கலைக்காதீர்கள். பத்து ஆட்டம் ஆடி, ஒவ்வொண்ணுலயும் எந்த டர்னில் கை விட்டுப் போச்சு என்று எழுதுங்கள். ஒரே காரணம் மூணு தடவை வந்தால் அதுதான் ஓட்டை.

இவ்வளவு எதுக்கு, ஜெயிச்சவன் டீமை அப்படியே எடுத்து ஆடினால் என்ன? அருவங்காட்டில் இருந்து ஒரு தம்பி இதைத்தான் கேட்கிறான். "பெஸ்ட் டீம் ஒண்ணு குடுங்கண்ணா, நான் ஆடிக்கிறேன்." எடுத்து ஆடுப்பா, தப்பே இல்லை, கத்துக்க அது நல்ல வழிதான். ஆனால் ஆறு பேருக்கும் பக்கத்தில் "இவன் எதுக்கு?" என்று எழுதிட்டு ஆடு. அந்த டீம் அந்த வாரத்து எதிரிகளுக்காகக் கட்டினது. விதி மாறினால், ஊர் ஆடும் ஆட்டம் மாறினால், காரணம் தெரிந்தவன் ஒரு ஆளை மாற்றிக்கொண்டு போய்விடுவான். தெரியாதவன் அடுத்த லிஸ்டுக்குக் காத்திருப்பான்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. நின்டெண்டோ கன்சோல் பல வருஷமா இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படாத சரக்கு. வெளியே இருந்து வந்ததை அதிக விலைக்கு வாங்கினால்தான் உண்டு. தோட்டத்தில் தேயிலை பறிக்கிற வீட்டுப் பையனுக்கு அது நடக்கிற காரியமா? ஒரு போட்டிக்குக் கோவையோ பெங்களூரோ போகலாம் என்றால், மழைக் காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து கிடக்கும். இதிலெல்லாம் டோக்கியோ பையனும் நம்ம பையனும் சமம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் போக்கிமான் ஷோடவுன் என்ற சிமுலேட்டர் இலவசம். போனில் பிரவுசர் இருந்தால் போதும். எந்தப் போக்கிமானையும் வளர்க்க நேரம் ஆகாது, நினைத்த புள்ளியை நினைத்த இடத்தில் போடலாம். அங்கே உட்கார்ந்து யோசிப்பதுக்குக் கோத்தகிரியில் இருப்பவனுக்கும் டோக்கியோவில் இருப்பவனுக்கும் ஒரே விலை: நேரம். மற்ற எல்லாத்திலும் பின்னால் நிற்கிற நாம், சமமாகக் கிடைத்த அந்த ஒரு இடத்தையும் காப்பி அடித்து விட்டுக் கொடுக்கலாமா?

"வீடியோ கேமுக்குப் போய் இவ்வளவா?" என்று வீட்டில் கேட்டால், ஸ்னூக்கரைச் சொல்லுங்கள். வெள்ளைக்கார ஆபீசர்கள் பொழுதுபோகாமல் ஆடின அந்த ஆட்டத்தின் விதிகளை 1882-ல் எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில்தான். இன்னிக்கு உலகமே ஆடுது.

தம்பி, அந்த ஒரு வாக்கியத்தை எழுதிட்டு வா. அப்புறம் ஆறு பேரைப் பத்திப் பேசுவோம். பச்சிரிசு புடிச்சிருந்தா தாராளமா எடுத்துக்கோ, அதுக்கு ஒரு வேலை குடு. வர்ட்டா? :-)