50 வயதில் வீட்டுக்குப் போ!

"இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருக்கு. இப்பவே போனா ஒரு தொகை தர்றாங்களாம். போறதா, வேண்டாமா?"

2019 நவம்பரில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, இந்தப் பேச்சுதான்.

பேசியவர்கள் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள். டெலிபோன்காரர்கள் என்று ஊரே மரியாதையாகக் கூப்பிட்டவர்கள். ஒரு காலத்தில், டெலிபோன் இணைப்புக்கு நாம் வருஷக்கணக்கில் காத்திருந்த நாட்களில், லைன்மேன் வந்து நின்றால் காபி கொடுத்து உட்கார வைப்போம்.

அவர்களுக்குத்தான் "விருப்ப ஓய்வு" வந்தது.

2019 அக்டோபர் 23-ந்தேதி மத்திய மந்திரிசபை முடிவு எடுத்தது. நவம்பர் 4-ல் திட்டம் தொடங்கியது. டிசம்பர் 3-ல் முடிந்தது. 50 வயது ஆனவர்கள் போகலாம் என்றார்கள். 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். டில்லி, மும்பை நகரங்களின் எம்.டி.என்.எல். நிறுவனத்தில் இன்னும் 14 ஆயிரம் பேர். 2020 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. ஒரே நாளில் 92 ஆயிரம் பேர் வீட்டுக்குப் போனார்கள்!

பி.எஸ்.என்.எல்.லில் இருந்ததே ஒன்றரை லட்சம் பேர். அதில் பாதி, ஒரு சாயங்காலத்தில் காலி.

உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும், எந்தக் கடையும் இதைத் தாங்குமா?

யாருடைய விருப்பம்?

பெயர் என்னவோ விருப்ப ஓய்வு. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அது உண்மை.

ஆனால் அந்த வருஷம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2019 பிப்ரவரிச் சம்பளம் தேதிக்கு வரவில்லை. பிறகும் சில மாதம் இதே கதை. ஒப்பந்த ஊழியர்கள் பாடு இன்னும் மோசம். கம்பெனியையே மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு.

வீட்டுக் கடன் தவணை ஒரு பக்கம். பெண்ணின் கல்யாணம் ஒரு பக்கம். "இருந்தா சம்பளம் வருமோ வராதோ, போனா கையிலே பணம்" என்றால், மனுஷன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

பயத்தில் போட்ட கையெழுத்தை விருப்பம் என்று சொல்லலாமா?

கணக்கில் பாதி சரி

நியாயத்தையும் சொல்ல வேண்டும்.

அந்த நிறுவனத்துக்கு வந்த வருமானத்தில் நூற்றுக்கு 75 ரூபாய் சம்பளத்துக்கே போயிற்று என்று சர்க்கார் சொன்னது. எந்த முதலாளியாலும் இப்படி நடத்த முடியாது. வரி கட்டுகிறவன் பணம் அது.

ஆட்கள் போன பிறகு நஷ்டமும் இறங்கியது. 2019-20-ல் 15,500 கோடி. 2020-21-ல் 7,441 கோடி. சம்பளச் செலவு குறைந்ததுதான் பெரிய காரணம்.

அப்படியானால் சரிதானே என்பீர்கள்.

இருங்கள். நஷ்டம் வந்தது சம்பளத்தால் மட்டும்தானா? தனியார் கம்பெனிகள் 4ஜி கொடுத்து வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு போன நாளில், இவர்களுக்கு நாடு முழுக்க 4ஜி கிடையாது. அலைவரிசை தருகிறோம் என்று முடிவானதே அதே 2019 அக்டோபரில்தான். நாடு தழுவிய 4ஜி தொடங்கி வைக்கப்பட்டது எப்போது? 2025 செப்டம்பர் 27-ல்!

ஆளை அனுப்ப மூன்று மாதம். ஆயுதம் தர ஆறு வருஷம்.

இதுதான் நம் வருத்தம்.

கணக்கில் வராதது

சம்பளத்தைக் கணக்கு எழுதலாம். தெரிந்த வேலையை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

முப்பது வருஷ லைன்மேன் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் எந்த நடைபாதைக்கு அடியில் கேபிள் போகிறது, எந்த மழைக்கு எந்த ஜாயிண்டில் தண்ணீர் இறங்கும், எந்த டி.பி. பெட்டியில் எத்தனை ஜோடி நல்ல கம்பி மிச்சம் இருக்கிறது, எல்லாம் அவர் தலையில் இருக்கும். வரைபடத்தில் பாதிதான் இருக்கும். ரோட்டை அகலப்படுத்தினபோது மாறியது, மாநகராட்சி தோண்டினபோது ஒட்டுப் போட்டது, இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அவர் போனால்? புதிதாக வந்த கான்டிராக்ட் பையன் நல்ல பையன்தான். ஆனால் எங்கே தோண்டுவது என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? ஒரு மணி நேர வேலை மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் கடையில் கார்டு மெஷின் ஓடாது. நஷ்டம் கடைக்காரருக்கு. அது எந்த பட்ஜெட்டிலும் வராது!

நேரம் எப்படி அமைந்தது பாருங்கள். அவர்கள் வீட்டுக்குப் போன 54-வது நாள், 2020 மார்ச் 25-ல், கொரோனா ஊரடங்கு. ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. வீட்டு இணைப்புக்கு இத்தனை கிராக்கி அதற்கு முன் வந்ததே இல்லை. வேலை தெரிந்தவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

பாங்கியில் பார்த்தோமே!

இது புதுப் பாடம் அல்ல. 2000-2001-ல் அரசுப் பாங்கிகளில் இதே விருப்ப ஓய்வு வந்தது. 15 வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது என்றார்கள். சுமார் 1 லட்சம் பேர் போனார்கள்.

இப்படித் திட்டம் போட்டால் முதலில் கிளம்புகிறவர் யார்? வெளியே போனாலும் பிழைத்துக்கொள்வேன் என்ற தைரியம் உள்ளவர். அதாவது, தொழில் நன்றாகத் தெரிந்தவர். போக வேண்டும் என்று நிர்வாகம் நினைத்த ஆசாமி, நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"இந்த வியாபாரிக்குக் கடன் கொடுக்கலாம், அவருக்குக் கூடாது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும் மானேஜர், ஒரு பரீட்சை எழுதி வந்துவிடுவதில்லை. அவரைத் தயார் செய்ய இருபது வருஷம் ஆகும்.

தம்பிக்கு வேலை கிடைத்ததா?

"பெரியவங்க போனாத்தானே சின்னப் பசங்களுக்கு வேலை?" என்று மின்சார ரயிலில் ஒரு வாலிபர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலைக்காக வருஷக்கணக்கில் பரீட்சை எழுதிக் காத்திருக்கும் பிள்ளை கேட்கத்தான் செய்வான்.

ஆனால் தம்பி, டெலிபோனில் காலியான அத்தனை இடத்துக்கும் நிரந்தர ஆள் எடுக்கவில்லை. நிறைய வேலையைக் கான்டிராக்ட் கொண்டுபோயிற்று. அப்பாவுக்கு நிரந்தர வேலை போயிற்று. மகனுக்கு வந்தது தினக்கூலி.

வெளிநாட்டிலும் செய்து பார்த்தார்கள். பிரான்சில் 1980-களின் தொடக்கத்தில் ஓய்வு வயதை 65-லிருந்து 60 ஆக இறக்கினார்கள். கிழவர்கள் போனால் இளைஞர்களுக்கு வேலை என்பது கணக்கு. இளைஞர் வேலையில்லாத் திண்டாட்டம் தீரவில்லை. பென்ஷன் சுமைதான் ஏறியது. பிற்பாடு 2010-ல் 62, 2023-ல் 64 என்று ஏற்றச் சட்டம் போட்டு, தெருவெல்லாம் போராட்டம்.

காரணம் எளிது. வேலை என்பது பஸ் சீட் இல்லை, ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்கார. சம்பளம் வாங்கும் மனுஷன் கடையில் சாமான் வாங்குகிறார். துணி எடுக்கிறார். வீட்டுக்கு மேல் ஒரு மாடி கட்டுகிறார். அதில் கொத்தனாருக்கும் வேலை, எலெக்ட்ரீஷியனுக்கும் வேலை. அவர் கையைச் சுருக்கினால், மாதக் கணக்கு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரருக்கு முதலில் தெரியும்.

கையில் பணம், கண்ணில் பயம்

தொகை கொடுத்தார்களே என்பீர்கள். கொடுத்தார்கள். முடித்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் 35 நாள் சம்பளம், மீதி இருக்கும் வருஷத்துக்கு 25 நாள் சம்பளம் என்று கணக்கு. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பென்ஷனும் உண்டு.

ஆனால் அந்தப் பணத்தைப் போட்டுவைக்க நல்ல இடம் வேண்டுமே! 2020 மே கடைசியில் ஸ்டேட் பாங்கியில் 5 வருஷ டெபாசிட் வட்டி 5.4 சதவீதத்துக்கு இறங்கியது. மூத்த குடிமகனுக்குக் கூடுதல் வட்டி உண்டு. அதற்கு 60 வயது ஆக வேண்டும். தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வட்டி அதிகம். விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் 55 ஆனால்தான் கதவு திறக்கும். 50 வயதில் வந்தவர் கிழவரும் இல்லை, குமரனும் இல்லை. வேலைக்குக் கேட்டால் "வயசாயிடுச்சே சார்". சலுகை கேட்டால் "வயசு பத்தலையே சார்"!

நடுவில் மைத்துனர் வியாபாரத்துக்குக் கேட்பார். அதிக வட்டி என்று சீட்டுக் கம்பெனிக்காரன் வருவான். முப்பது வருஷ உழைப்பு மூன்று வருஷத்தில் கரைந்த கதையை நம் தெருவில் தேடினால் கிடைக்கும்.

தனியார் தொழிலாளி நிலைமை இதற்கும் கீழே. பி.எப். பென்ஷனை 58-க்கு முன்னாலேயே கேட்டால், குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் நூற்றுக்கு 4 வீதம் வெட்டு. அந்த பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் என்று 2014-ல் நிர்ணயித்த தொகை மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாயில் ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓடும்?

கம்ப்யூட்டர்க்காரர்களும் தப்பவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. பெரும்பாலும் நடு மட்டமும் மேல் மட்டமும். அது விருப்ப ஓய்வு இல்லை. ஆனால் அடி விழுந்தது அனுபவத்தின் மேல்தான்.

அதே வருஷம், வேறு கணக்கு!

வேடிக்கையைக் கேளுங்கள். 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் நிறுவனம், 50 வயதுக்காரரைப் போகச் சொன்னது. அதே 2020 மே மாதம் தமிழ்நாடு அரசு, தன் ஊழியரின் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக ஏற்றியது. 2021 பிப்ரவரியில் 60 ஆக்குவதாக அறிவித்தது.

ஒரே தெருவில் இரண்டு வீடு. ஒரு வீட்டில் 50-லேயே ஈஸிசேர். அடுத்த வீட்டில் 60 வரை ஆபீஸ். எது சரி?

இரண்டும் கஜானாவைப் பார்த்துப் போட்ட கணக்கு. அங்கே சம்பளம் மிச்சம். இங்கே, ஓய்வு பெறுகிறவர்களுக்கு அந்த வருஷம் தரவேண்டிய பெருந்தொகை தள்ளிப்போயிற்று. வேலை நடக்க எத்தனை பேர் வேண்டும், எந்த அனுபவம் வேண்டும், அடுத்த ஆளை யார் பழக்குவது, இதைப் பார்த்துப் போட்ட கணக்கு எது?

தமிழ்நாட்டில் பிள்ளை பிறப்பு குறைகிறது. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை என்று வந்தது. நாளைக்கு வேலைக்கு வரும் கைகள் குறையும். இருக்கும் கைகளை 50-லேயே கட்டிப்போடும் வசதி நமக்குக் கிடையாது.

என்ன செய்யலாம்?

ஆளைக் குறைக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. குறைக்கும் விதத்தைச் சொல்கிறோம்.

ஒன்று: ஒரே நாளில் அனுப்பாதீர்கள். மூன்று நான்கு வருஷத்தில், பிரிவு பிரிவாக அனுப்புங்கள்.

இரண்டு: போகிறவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் இளைஞரை ஒரு வருஷம் நிறுத்துங்கள். கேபிள் எங்கே போகிறது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

மூன்று: மிச்சமாகும் சம்பளத்தில் ஒரு பங்கை நிரந்தரப் புது ஆட்களுக்கு ஒதுக்குங்கள். அப்போதுதான் தம்பிக்கும் வேலை.

நான்கு: விருப்ப ஓய்வில் வந்தவருக்கு, வயது பார்க்காமல், சேமிப்புத் திட்டத்தில் இடம் கொடுங்கள்.

ஐந்து: உடம்பில் தெம்பு இருப்பவருக்கு அரை நாள் வேலையாவது கொடுங்கள். ஜப்பானில் ஊழியருக்கு 65 வயது வரை வேலைக்கு வழி செய்ய வேண்டும் என்று முதலாளிகளுக்குச் சட்டமே இருக்கிறது.

சம்பளக் கணக்கு எழுதுகிற அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. போன ஆளின் சம்பளம் மிச்சம் என்று எழுதுகிறீர்கள். சரி. அவரோடு போன முப்பது வருஷத்தையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள்.

பிறகு கூட்டிப் பாருங்கள், லாபமா நஷ்டமா என்று!