ஏழு டாலரை வாங்க மறுத்தவர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட 54ஆவது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படையைப் பற்றிப் பேச்செடுத்தால், தோழர்கள் பலரும் 1989இல் வந்த 'குளோரி' படத்தைத்தான் சொல்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் அதன் நாயகன் வெள்ளையினக் கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா. இந்தப் படையின் வரலாற்றில் நமக்கு மிகவும் வேண்டிய பகுதியை அது ஒரே காட்சியில் கடந்துவிடுகிறது. சம்பளப் போராட்டத்தைச் சொல்கிறேன்.

1863 தொடக்கத்தில் ஆள்சேர்ப்பு நடந்தது. அடிமை முறையிலிருந்து தப்பி வந்து அதற்கு எதிராக எழுதியும் பேசியும் வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் போய் இளைஞர்களை அழைத்தார். தன் இரு மகன்களையும் அனுப்பினார். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வட மாநிலங்களின் சுதந்திரக் கறுப்பர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதி: வெள்ளையினச் சிப்பாய்க்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். அதாவது மாதம் 13 டாலர். கையில் நீட்டப்பட்டதோ 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். மிச்சம் 7.

அவர்கள் அந்த ஏழு டாலரைத் தொடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஏறக்குறைய 18 மாதங்கள். இதற்கிடையே 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையைத் தாக்கினார்கள். போன சுமார் 600 பேரில் ஏறத்தாழ 270 பேர் செத்தார்கள், காயப்பட்டார்கள், பிடிபட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஊரில் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. குறையும் தொகையை நாங்களே தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் சட்டமன்றம் முன்வந்தது. அதையும் வேண்டாம் என்றார்கள். பணம் வந்தால் போதாது, யாரிடமிருந்து, எந்தப் பெயரில் வருகிறது என்பதும் முக்கியம். ஒன்றிய அரசு தர வேண்டிய கூலியை மாநிலம் தானமாகத் தந்தால் அது கூலியாகுமா?

வேறொரு படையில் இதே கோரிக்கைக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. 3ஆவது தென் கரோலினா படையின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், தன் ஆட்களோடு கர்னலின் கூடாரத்துக்கு முன் ஆயுதங்களை அடுக்கி வைத்துவிட்டு, ஏழு டாலருக்கு வேலை செய்ய முடியாது என்றார். கலகம் என்று சொல்லி 1864 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொன்றது அடிமை முறையை ஒழிக்கப் போரிட்ட அதே ராணுவம்.

கடைசியில் 1864 ஜூனில் நாடாளுமன்றம் சம ஊதியம் தந்தது. அதிலும் ஒரு சூது. அந்த ஆண்டு ஜனவரி முதல் எல்லோருக்கும் சமம். ஆனால் படையில் சேர்ந்த நாளிலிருந்து முழு நிலுவை வேண்டுமென்றால், 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்திருக்க வேண்டும். ஒரே அகழியில் கிடந்தவர்களை மேலே கீழே என்று அடுக்கும் வேலை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷாவுக்குப் பின் கர்னலான ஹாலோவெல் ஓர் உறுதிமொழியை எழுதினார்: அந்தத் தேதியில் எந்த மனிதனுக்கும் கூலியில்லா உழைப்பைத் தரக் கடமைப்பட்டிருக்கவில்லை. கையுயர்த்திச் சொன்னவர்களில் முன்னாள் அடிமைகளும் இருந்தார்கள். யாருக்குமே இன்னொருவரை அடிமையாக வைத்திருக்கும் உரிமை கிடையாது என்பதால், அதில் பொய்யும் இல்லை!

ராணுவத்தையும் சாதியையும் பற்றி ஆய்வு செய்பவன் என்பதால் இதைச் சொல்கிறேன். நம் தரப்பில் வீரத்தைச் சான்றிதழாகக் காட்டும் பழக்கம் அதிகம். கோரேகான் தூணில் மகர் வீரர்களின் பெயர்களைப் பொறித்த அதே பிரிட்டிஷ் ராணுவம்தான், 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. சாவது வரை போய் நிரூபித்தாலும், கொடுத்தவன் நினைத்தால் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 54ஆவது படையை வாக்னர் கோட்டையோடு மட்டும் நினைவுகூர்வதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். பாஸ்டனில் 1897இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் குதிரை மீது ஷா இருக்கிறார். வாக்னரில் இறந்த கறுப்பின வீரர்களின் பெயர்கள் 1980களில்தான் சேர்க்கப்பட்டன.

ஃபுலே 1873இல் 'குலாம்கிரி'யை, கறுப்பின அடிமைகளை விடுவித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த அமெரிக்க மக்கள் யார் என்று கேட்டால், ஏழு டாலரை மறுத்தவர்களை முதல் வரிசையில் வைப்பேன். அவர்களில் ஒருவர் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங். நாங்கள் சிப்பாய்களா, வெறும் கூலியாட்களா என்று 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே கடிதம் எழுதியவர். அடுத்த பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஒலஸ்டி போரில் பிடிபட்டு, ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறையில் இறந்தார். முழுச் சம்பளம் படைக்கு வந்து சேர அப்போது இன்னும் சில மாதங்கள் இருந்தன.