மூடி திறக்காத வேலைக்கு எதற்குப் பதிவு?

மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம் 2022 ஆகஸ்டு 22 அன்று பிறப்பித்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2001ஆம் ஆண்டின் பழைய விதிகளை நீக்கிவிட்டு, விற்ற பேட்டரி கழிவாகும் வரையிலும் அதன் பின்னும் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே பொறுப்பு என்னும் ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ முறையைக் கொண்டுவந்தன. அதன் பின் நடந்த விவாதமெல்லாம் பெரிய உற்பத்தியாளர்களையும் ஈய உருக்காலைகளையும் சுற்றியே நடந்திருக்க, அதே விதிகளில் ‘புதுப்பிப்பாளர்’ என்றொரு வகையினருக்குச் சொல்லப்பட்டிருக்கும் கடமைகள் நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரையுள்ள பேட்டரிக் கடைகளின் வாசலுக்கு வந்து நிற்கின்றன. பயன்படுத்தப்பட்ட பேட்டரியையும் ஆயுள் முடிந்த பேட்டரியையும் ஒரே வரையறைக்குள் ‘கழிவு’ என்று அடக்கிவிட்ட இவ்விதிகளின்படி, பழைய பேட்டரியைச் சரிசெய்து மீண்டும் உபயோகத்துக்குக் கொண்டுவருபவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்றுக் காலாண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும். சூரியத் தகடு வைத்த வீட்டில் தன் பேட்டரியைத் தானே தேற்றிக்கொள்பவரும், பக்கத்து வீட்டாரின் பேட்டரியைக் கூலிக்குத் தேற்றிக் கொடுப்பவரும் இதற்குள் வருவார்களா என்பது தெளிவாகப் பிரித்துச் சொல்லப்படாத நிலையில், இத்தொழிலுக்கான இதழ் தன் நிலைப்பாட்டைச் சொல்லாமல் இருப்பது முறையாகாது.

இவ்விதழின் நிலைப்பாடு இரு பகுதிகளைக் கொண்டது. செல்லின் மூடியைத் திறந்து தகடுகளை வெளியே எடுக்கும் எந்த வேலையும் வீட்டிலோ வீட்டை ஒட்டிய கடையிலோ நடைபெறக் கூடாது. அதற்குப் பதிவும் ஆய்வும் தண்டனையும் தேவை. மூடியைத் திறக்காமல், தண்ணீர் ஊற்றும் வாய்வழியே தண்ணீர் விட்டும் சார்ஜ் ஏற்றியும் பேட்டரியைத் தேற்றும் வேலை பராமரிப்பே அன்றிப் புதுப்பிப்பு அன்று. அதைப் பதிவுக்குள் இழுப்பது தேவையற்றது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும்.

முதல் பகுதியை மூத்த மெக்கானிக்குகள் பலர் விரும்பமாட்டார்கள் என்பது தெரிந்ததே. கறுப்பு எபனைட் பெட்டியும் மேலே தார் பூச்சும் செல்லுக்குச் செல் வெளியே தெரியும் ஈய இணைப்புப் பட்டையுமாகப் பேட்டரிகள் வந்த காலத்தில், பட்டையைத் துளைத்தெடுத்து, தாரைச் சுட்டு இளக்கி, தகடுகளைத் தூக்கி, கெட்ட செபரேட்டரை, அதாவது நேர் தகடும் எதிர் தகடும் தொடாதபடி இடையே வைக்கும் தடுப்பை மாற்றி, மீண்டும் ஈயம் உருக்கிப் பட்டை ஒட்டித் தருவது கைத்தேர்ச்சிக்கு அடையாளமாக இருந்தது. அந்தத் தேர்ச்சியை மதிப்பது வேறு, அதன் விலையை மறப்பது வேறு. ஈயம் 327 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுவதால் விறகடுப்பே அதற்குப் போதும். அடியில் படிந்த ஈயக் கசடு காய்ந்தால் தூசியாகி முற்றத்திலும் துணியிலும் சேரும். கழுவிக் கொட்டிய ஆசிட் மழைக்காலத்தில் ஓடையேறிக் குளத்துக்கும் கிணற்றுக்கும் போகும். உட்கொண்ட ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்பதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்கிறது என்றும், இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க வரம்பு எதுவும் அறியப்படவில்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், டாக்கர் நகரை அடுத்த தியாரோய் சுர் மேர் பகுதியில், பழைய பேட்டரி உடைத்த இடத்து மண்ணில் கலந்திருந்த ஈயத்தால் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையில் 18 குழந்தைகள் இறந்தன. இதற்கு மேல் ஒரு சான்று தேவையில்லை. இன்றைய பாலிப்ரொப்பிலீன் பெட்டிகளில் மூடி சூட்டால் ஒட்டப்பட்டு, செல் இணைப்பும் சுவரினூடே பற்றவைக்கப்பட்டுவிடுவதால், அறுக்காமல் உள்ளே போக வழியுமில்லை.

இரண்டாம் பகுதிக்குச் சற்று விரிவு தேவைப்படுகிறது. கடைக்கு ‘செத்துப்போச்சு’ என்று வரும் இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பலவும் உண்மையில் பட்டினி கிடந்தவை. மழைக்காலத்தில் வெயில் குறைந்து அரைச் சார்ஜிலேயே வாரக்கணக்கில் கிடக்கும்போது, தகட்டில் மென்மையாக உருவாகும் ஈய சல்பேட் இறுகிப் பெரும் படிகமாகிறது. இதுவே தொழிலில் சல்பேஷன் எனப்படுவது. ட்யூபுலர் பேட்டரியில் ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை இறக்கிப் பார்க்கையில், முழுச் சார்ஜில் 1.240 இருக்கவேண்டிய ஆசிட் அடர்த்தி எல்லாவற்றிலும் ஒன்றுபோல 1.150, 1.160 என்று இறங்கியிருந்தால், அந்தப் பேட்டரிக்குத் தேவை புதிய ஆசிட் அன்று, பொறுமை. தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விட்டு, 150 ஆம்பியர்-மணி பேட்டரியாக இருந்தால் 5 அல்லது 6 ஆம்பியரில், காற்றோட்டமான இடத்தில், சூடேறாமல் கவனித்து ஓரிரு நாட்கள் சார்ஜ் ஏற்றி, பின் செல்களைச் சமப்படுத்தும் மிகைச் சார்ஜையும் கொடுத்தால், அடர்த்தி மெல்ல ஏறுகிறதா என்பதிலிருந்தே பிழைக்குமா பிழைக்காதா என்று தெரிந்துவிடும். ஐந்து செல் 1.230இல் நிற்க, ஒன்று மட்டும் 1.150ஐத் தாண்டாமல் அடம்பிடித்தால் அந்தச் செல்லில் கோளாறு. வாய்வழியே எடுத்த ஆசிட் பழுப்பாகக் கலங்கி வந்தால் நேர் தகட்டுப் பொடி உதிர்ந்துவிட்டது. இரண்டையும் எந்தச் சார்ஜும் மீட்காது.

எந்த மருந்தும் மீட்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் சோடியம், மெக்னீசியம் சல்பேட்டுகள் கலந்த ‘ஏடி-எக்ஸ்2’ என்ற பொடி பேட்டரிக்கு உயிர் தரும் என்று விற்கப்பட்டபோது, அதில் பயனில்லை என்று கண்டறிந்த தேசியத் தரநிர்ணய அமைப்பின் இயக்குநர் ஆலன் ஆஸ்டின் 1953இல் பதவி விலகுமாறு நெருக்கப்பட்டதும், அறிவியலாளர் எதிர்ப்பால் அவர் மீண்டும் பதவியில் அமர்த்தப்பட்டதும், தேசிய அறிவியல் கழகம் அவ்வமைப்பின் சோதனைகளே சரி என்று உறுதிசெய்ததும் இத்தொழிலார் அறிந்திருக்கவேண்டிய வரலாறு. பெயர் மாறினும் அதே பொடி இன்றும் புட்டிகளில் விற்கப்படுகிறது. அதை வாங்கி ஊற்றும் கடைக்காரர் தன் வாடிக்கையாளரின் பணத்தையே ஊற்றுகிறார்.

இவ்வாறு மூடி திறக்காமல் நடக்கும் வேலையில் ஈயம் வெளியே வருவதில்லை, ஆசிட் கொட்டப்படுவதில்லை, உருக்குவதும் இல்லை; மிஞ்சும் அபாயம் சார்ஜ் ஏறும்போது கிளம்பும் ஹைட்ரஜன் மட்டுமே, அதுவும் காற்றில் 4 சதவீதத்தை எட்டாதபடி ஜன்னலைத் திறந்துவைத்துத் தீப்பொறியைத் தள்ளிவைத்தால் தீர்வது. ஆயினும் இந்த வேலையும், பேட்டரியை அறுத்து உருக்கும் வேலையும் ஒரே இணையதளத்தில், ஒரே காலாண்டுக் கணக்கில் வந்து நிற்கவேண்டும் என்றால், தகரக் கூரைக்கடியில் இரண்டு சார்ஜரோடு பிழைப்பவர் அதைச் செய்யப்போவதில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு 2024 ஏப்ரல் முதல் சிறைத்தண்டனையைக் கைவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்துக்கு மாறியிருக்கிறது. இந்தக் கீழ்வரம்பே அவருடைய மாத வரும்படியில் பெரும்பங்கு. எனவே அவர் ஒன்று வேலையை விடுவார், அல்லது மறைவாகச் செய்வார். மறைவாகச் செய்பவர் மூடியையும் திறப்பார்.

இதைவிடப் பெரிய குறை, விதிகளின் கணக்குமுறை கிலோவிலேயே தொடங்கிக் கிலோவிலேயே முடிவதாகும். எவ்வளவு எடை சேகரிக்கப்பட்டது, எவ்வளவு ஈயம் மீட்கப்பட்டது, புதிய பேட்டரியில் எத்தனை சதவீதம் பழைய ஈயம் என்பவற்றுக்கு ஆண்டுவாரியாக இலக்குகள் உண்டு. ஒரு பேட்டரி இன்னும் இரண்டாண்டு உழைத்ததற்கு எந்தக் கட்டமும் இல்லை. ஐம்பது கிலோவுக்குக் குறையாத ட்யூபுலர் பேட்டரியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனால், ஒரு செல் போய் ஐந்து செல் நல்லதாக இருந்தாலும் தராசில் அதற்கும் அதே மதிப்பு. தொலைபேசி நிலையங்களிலும் பெரிய யுபிஎஸ்களிலும் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கியதும் மாற்றிவிடுவது தரநெறி. அங்கே தள்ளுபடியாகும் 2 வோல்ட் செல்களுக்கு வீட்டு விளக்கும் விசிறியும் ஓட்டும் தெம்பு பல ஆண்டுக்கு உண்டு. அவையும் கழிவு என்று உருக்காலைக்கே போகின்றன.

இந்த இடத்தில்தான் இவ்விதழ் தொடர்ந்து எழுதிவரும் பழைய கவலை மீண்டும் எழுகிறது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய, சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடும் ஐந்து சூரிய விளக்குகளும் தரப்பட்டன; ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்பது இலக்கு. கூரைத் தகட்டின் ஆயுள் 25 ஆண்டு. அதனோடு வந்த ஈய அமில பேட்டரியின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு. திட்டத்தின் முதல் வீடுகளில் இதற்குள் இரண்டு பேட்டரிகளாவது மாற்றப்பட்டிருக்கவேண்டும் என்பது கூட்டல் கணக்கு தெரிந்த எவருக்கும் புரியும். அந்தப் பேட்டரியை யார் வாங்குவது, யார் தண்ணீர் விடுவது, செத்ததை யார் திரும்ப எடுப்பது என்ற கேள்விகளை வீட்டுக்காரர் தலையில் விட்டுவிட்டு, கட்டிய வீடுகளின் எண்ணிக்கையே சாதனையாகச் சொல்லப்பட்டது. திட்டத்தின் சூரிய விளக்குகளைக் கவனித்த தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை (டெடா) இன்று தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்துக்குள் அடங்கிவிட்டது. பேட்டரிக்குப் பொறுப்பு எங்கே அடங்கியது என்று கேட்டால் பதில் சொல்லும் மேசை எதுவும் இல்லை.

குமரி மாவட்டத்தில் இக்கேள்வி வெறும் சிக்கனக் கேள்வியன்று. பேச்சிப்பாறை அணைக்கு அப்பாலுள்ள காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு வனத்தினூடே மின்கம்பி இழுப்பது நெடுங்காலம் தடைபட்டே வந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில், ஒரு ஹெக்டேருக்குள்ளும் 75 மரத்துக்கு மிகாமலும் மின்கம்பி உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வனநிலத்தை ஒதுக்கலாம் என்று தெளிவாகச் சொன்ன பின்னும், கோப்புகள் நகர்ந்த வேகம் அனைவரும் அறிந்தது. அதே மலையில் கோதையாறு மின்நிலையங்கள் இரண்டும் சேர்ந்து 100 மெகாவாட் திறன் கொண்டவை. அதே மாவட்டத்தின் கிழக்கு வாசலில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன. மின்சாரம் பிறக்கும் இடத்தில் வாழ்பவருக்குத் தகடும் பேட்டரியும் போதும் என்று முடிவுசெய்த அரசு, அந்தப் பேட்டரி சாகும்போது அதைத் தோளில் சுமந்து இறங்கி, படகில் ஏற்றி, பஸ் பிடித்துக் குலசேகரத்துக்குக் கொண்டுவந்து, புதியதற்கு ஒரு மாதக் கூலியைக் கொட்டிக்கொடுத்து, மீண்டும் சுமந்து ஏறவேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்திருக்கிறது. இந்த நிலையில் குலசேகரத்து மெக்கானிக் அந்தப் பேட்டரியை இரண்டு நாள் சார்ஜில் போட்டுத் தேற்றிக் கொடுத்தால், அவரைப் பதிவில்லாத புதுப்பிப்பாளர் என்று அழைக்க அதிகாரிகளுக்கு என்ன தார்மிக உரிமை இருக்கிறது? பேட்டரி தந்தவர்களிடம் இல்லாத பொறுப்பை, அதைக் காப்பாற்றியவரிடம் தேடுவது நிர்வாகமா?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கம்பங்களைச் சாய்த்துப் பல ஊர்களை நாள்கணக்கில் இருட்டில் தள்ளியபோது, கடலோரத்திலும் மேட்டுநிலத்திலும் செல்போன் சார்ஜ் ஏறியதும் விளக்கு எரிந்ததும் இப்படித் தேற்றிவைத்த பேட்டரிகளாலும்தான். ஆயினும் 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்யகர் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருவது மின்தொகுப்போடு இணைந்த தகடுகளுக்கே. லைனில் மின்சாரம் நின்றால் அவையும், பேட்டரி இல்லாவிட்டால், வெயில் இருந்தும் நின்றுவிடும். அடுத்த புயலுக்கும் அரசு நம்பியிருப்பது, தான் கழிவு என்று பெயர் வைத்த பொருளைத்தான்.

ஆகவே கோரிக்கைகள் நான்கு. மூடி திறக்காத பராமரிப்பையும் சார்ஜ் சேவையையும் புதுப்பிப்பு வரையறையிலிருந்து வெளிப்படையாக விலக்கி அமைச்சகம் ஒரு விளக்க அறிவிக்கை வெளியிடவேண்டும். மூடி திறக்கும் வேலைக்கு விலக்கு எதுவும் கூடாது. அதைச் செய்பவரைக் காட்டிக்கொடுக்க இத்தொழிலார் தயங்கவும் கூடாது. மலைக் குடியிருப்புகளுக்கு அரசு தரும் சூரிய அமைப்புகளில் 12 வோல்ட் ஒற்றைப் பெட்டிக்குப் பதிலாக ஆறு 2 வோல்ட் செல்கள் வைக்கப்படவேண்டும். ஒரு செல் போனால் ஒன்றை மட்டும் தூக்கிவந்து மாற்றலாம், ஆளுக்கும் சுமை குறையும். இறுதியாக, பேட்டரி தரும் எந்த அரசுத் திட்டத்தின் மதிப்பீட்டிலும் இரண்டாவது, மூன்றாவது பேட்டரிக்கான தொகையும், செத்ததைக் குடியிருப்பிலிருந்தே திரும்ப எடுக்கும் செலவும் எழுதப்படவேண்டும். அரசு தானே விநியோகித்த ஈயத்தைத் தானே திரும்ப எடுக்கும் நாள்வரை, உற்பத்தியாளர் பொறுப்பைப் பற்றி அது யாருக்கும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.