எந்த மூலம் சார்?

புராணக் கதையை யாராவது மாத்தி எழுதினா போதும், 'மூலத்துல இல்லாததை எழுத நீ யாரு?'ன்னு ஒரு கோஷ்டி கிளம்பிடும். சரி மக்களே, எந்த மூலம்?

அகலிகையையே எடுத்துக்குவோம். வால்மீகியில் அவள் கல்லாகவே இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். ராமனும் லட்சுமணனும்தான் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பனில் கல்லாகி, ராமனின் கால் தூசி பட்டு எழுகிறாள். உங்க கணக்குப்படி கம்பனும் குற்றவாளிதான். திட்டுவீங்களா?

1943-ல் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினார். ராமன் கேட்டதால் சீதை தீயில் இறங்கினாள் என்று தெரிந்ததும் அகலிகை இடிந்துபோகிறாள்; கடைசியில் மறுபடி கல்லாகிறாள். என்னை ஏற்றவன் அவளைச் சோதித்தானா என்பதுதான் அவள் கேள்வி. கோபம் வருதா? தாராளமா வரட்டும். ஆனா அந்தக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

அதிர்ச்சி கொடுக்கவே எழுதற குப்பையும் உண்டு, மறுக்கலை. அதைக் குப்பைன்னு சொல்லுங்க, கிழிச்சுத் தொங்கவிடுங்க. எழுதவே கூடாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் சொல்லியிருந்தா நமக்குக் கம்பனே கிடைச்சிருக்க மாட்டார்!