சம்பளத் தேதி இல்லாத வேலை

மாதக் கடைசியில் போனில் வந்து விழும் 'சம்பளம் வரவு' எஸ்.எம்.எஸ்.தான் பல வீடுகளுக்குக் காலண்டர். 5-ம் தேதி வீட்டுக் கடன் தவணை, 10-ம் தேதிக்குள் ஸ்கூல் ஃபீஸ், நடுவில் மளிகை பாக்கி... எல்லாம் அந்த ஒரு செய்தியை நம்பித்தான் இருக்கின்றன. ஐ.டி. கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர், 'இனி தனியாக சாஃப்ட்வேர் கன்சல்டிங் செய்யப் போகிறேன்' என்றதும் வீடு ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவது அதனால்தான்.

'வேலை கிடைக்குமா?' என்பதுதான் வீட்டின் முதல் கேள்வி. அனுபவம் உள்ளவருக்கு முதல் வேலை பெரும்பாலும் தெரிந்தவர்கள் மூலமே வந்துவிடும். தடுக்கி விழுவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, கட்டணத்தைக் குறைத்துச் சொல்வது. இன்னொன்று, பணம் தாமதமாக வருவது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

மாதம் ஒரு லட்சம் ரூபாய் கையில் வாங்கியவர், அதை 22 வேலை நாட்களால் வகுத்து, 'ஒரு நாளைக்கு 4,500 ரூபாய்' என்று கிளையன்ட்டிடம் சொல்லிவிடுவார். சறுக்கல் இங்கேதான் ஆரம்பம்.

சனி, ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல் எல்லாம் போக வருடத்தில் சுமார் 230 நாட்கள் மிஞ்சும். கிளையன்ட்டைத் தேடுவது, கொட்டேஷன் கொடுப்பது, பில்லுக்காக அலைவது, புதிதாகப் படிப்பது ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். காசாகும் நாட்கள் சுமார் 150தான்.

செலவோ கூடுகிறது. கம்பெனி கட்டிவந்த பி.எஃப். பங்கு, மருத்துவக் காப்பீடு, லேப்டாப், ஆடிட்டர் கட்டணம், வரி, வேலை இல்லாத மாதங்களுக்கான சேமிப்பு எல்லாம் இனி சொந்தப் பொறுப்பு. இதற்கு ஆண்டுக்கு 6 லட்சம் என்று வைத்தால், வீட்டுக்கான 12 லட்சத்துடன் சேர்த்து 18 லட்சம் வேண்டும். 150 நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு 12,000 ரூபாய். 4,500 எங்கே, 12,000 எங்கே!

பில் போட்டால் போதுமா?

வேலை முடிந்த அன்றே பணம் வந்துவிடாது. முன்பணம் வாங்கித் தொடங்கி, வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பில் போடுவது நல்லது. 'முழுப் பணமும் வந்த பிறகே கோடின் பதிப்புரிமை கைமாறும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, இப்படிப் பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும்; பணம் நின்ற பிறகு ஓடுவதில் பயனில்லை. வெளிநாட்டு கிளையன்ட்டிடம் இந்தச் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. அங்கே முன்பணம்தான் பாதுகாப்பு.

வரியில் கவனம்

பில் தொகையிலிருந்து கிளையன்ட் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தருவார். அது வரிக் கணக்கில் வரவாகிவிடும் என்றாலும், அந்த மாதம் கைக்கு வருவது குறைவு. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அதன்பின், கிளையன்ட் பணம் தரும் முன்பே பில்லுக்கான வரியைக் கட்ட வேண்டி வரலாம். அந்த 18 சதவிகிதத்தைச் சொந்த வருமானமாக நினைத்துச் செலவு செய்துவிட்டால் சிக்கல்தான்.

ராஜினாமாவுக்கு முன்...

ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் முடிவதற்குள் குடும்பத்துக்குத் தனி பாலிசி எடுத்துவிட வேண்டும். வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படிப்பது அவசியம். பழைய கம்பெனியின் கோடும் ரகசியங்களும் கூடவே வரக் கூடாது.

இந்தக் கணக்கையெல்லாம் தனியாக லேப்டாப்பில் போடாமல், வாழ்க்கைத் துணையோடு உட்கார்ந்து நோட்டில் எழுதுவது நல்லது. வேலை இல்லாத மாதம் வந்தால் எந்தச் செலவை நிறுத்துவது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வரும் பணம் எவ்வளவானாலும் அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து மாதம் முதல் தேதி, நிர்ணயித்த தொகை மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். மழை மாதத்து உபரி, வெயில் மாதத்துக்குக் கைகொடுக்கும்.

போனில் மறுபடியும் அந்த எஸ்.எம்.எஸ். வரும். இந்த முறை அனுப்பும் முதலாளி, வீட்டிலேயே இருப்பார்.