ஹாலுக்கு எத்தனை இன்ச் டிவி? ஷோரூமில் அல்ல, சோபாவில் முடிவு பண்ணுங்க!

43 இன்ச் போதும் என்று பேசி வைத்துத்தான் ஷோரூமுக்குள் நுழைவார்கள். வெளியே வரும்போது பில்லில் 55 இருக்கும், சில சமயம் 65. "மாசம் கொஞ்சம் கூடப் போட்டா பெருசாவே எடுத்துடலாம் சார், இஎம்ஐ தானே" என்ற ஒரு வரி போதும். டிவி வீட்டுக்கு வந்த பிறகுதான், பழைய ஷோகேஸுக்குள் அது நுழையவே நுழையாது என்பது தெரியும்.

2006-ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச கலர் டிவி 14 இன்ச். இன்று 55 என்பது 'நார்மல் சைஸ்'. ஆனால் ஹால் மட்டும் பல வீடுகளில் அதே பத்துக்குப் பன்னிரண்டு.

பெரிய டிவிக்கு இருந்த ஒரு தடையும் விலகிவிட்டது. 32 இன்ச் வரையிலான டிவிகளுக்கு 2019 ஜனவரி முதலே ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதற்கு மேற்பட்டவற்றுக்கு இருந்த 28 சதவீத வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. இதுவரை விலை போட்ட பிரேக்கை இனி நாமே போட வேண்டும். அதற்குத் தேவை ஒரு இன்ச் டேப் மட்டுமே.

ஷோரூமில் ஏன் எல்லாமே சின்னதாகத் தெரிகிறது?

உயரமான கூரை, அகலமான தளம், பக்கத்திலேயே 75 இன்ச், 85 இன்ச். அந்தக் கூட்டத்தில் 55 இன்ச் டிவி தம்பி மாதிரி நிற்கும். ஓடுவதோ கடைக்கென்றே தயாரித்த பளபள 4கே வீடியோ. உங்கள் வீட்டில் ஓடப்போவது வேறு.

இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. 43 இன்ச் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. 55 இன்ச் என்றால் 122 செ.மீ., அதாவது நான்கு அடி. 12 இன்ச் தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் திரையின் பரப்பு 1.6 மடங்கு ஆகிவிடுகிறது. பல பெரிய டிவிகளின் கால்கள் இரண்டு ஓரங்களிலும் இருப்பதால், மூன்றடி ஸ்டாண்டில் அவை நிற்காது.

கணக்கு இதுதான்

சோபாவில் வழக்கம்போல உட்காருங்கள். கண்ணிலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை அளந்து பாருங்கள். முக்கியமான எண் இது. அறையின் மொத்த நீளம் இல்லை.

திரை நம் பார்வையில் குறைந்தது 30 டிகிரியை நிரப்ப வேண்டும் என்பது அமெரிக்கத் திரைத் தொழில்நுட்ப அமைப்பான எஸ்எம்பிடிஇ பெயரில் சொல்லப்படும் அளவுகோல். தியேட்டர் அனுபவம் வேண்டும் என்றால் டிஹெச்எக்ஸ் சொல்வது சுமார் 40 டிகிரி. இதை அடிக்கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய இப்படி வரும்:

- 32 இன்ச்: 3 முதல் 4 அடி
- 43 இன்ச்: 4.5 முதல் 5.5 அடி
- 55 இன்ச்: 5.5 முதல் 7.5 அடி
- 65 இன்ச்: 6.5 முதல் 8.5 அடி
- 75 இன்ச்: 7.5 முதல் 10 அடி

பத்தடி தூரத்தில் எதிரெதிர் சுவர்கள். ஒரு சுவரை ஒட்டி சோபா. சாய்ந்து உட்கார்ந்தால் தலை சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இருக்கும். மிச்சம் எட்டடி. அப்படியானால் 65 இன்ச்கூட தப்பில்லையே? பட்டியல்படி தப்பில்லை. ஆனால் பட்டியலுக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் வீட்டில் இருக்கின்றன.

என்ன ஓடுகிறது? சாதாரண எஸ்டி சேனலின் படம் 576 வரிகளால் ஆனது. 4கே திரையில் 2,160 வரிகள். இல்லாத விவரத்தை டிவி ஊகித்து நிரப்ப வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக சீரியல் நாயகியின் முகம் மசமசவென்று ஆகும். வீட்டில் பெரும்பாலும் கேபிள் எஸ்டி சேனல்தான் ஓடும் என்றால், பெரிய டிவிக்குப் போடும் கூடுதல் பணத்தில் முதலில் ஹெச்டி பேக்குக்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

யார், எங்கே உட்காருகிறார்கள்? அப்பா சோபாவில் எட்டடி தள்ளி. பாட்டி கீழே பாயில் ஐந்தடி தள்ளி. குழந்தை அதற்கும் முன்னால். உட்கார்ந்தால் திரையின் நடுப்பகுதி கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. நம் வீடுகளில், "குழந்தை கை வைக்கும்" என்று டிவியை ஐந்தடி உயரத்துக்கு மேலேயே மாட்டிவிடுகிறோம். திரை பெரிதானால் மேல் ஓரம் இன்னும் உயரும். தரையில் இருப்பவர் இரண்டரை மணி நேரப் படத்தையும் அண்ணாந்தே பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கு அப்புறம் தைலம் தேய்ப்பதும் அவரேதான்.

வீடு யாருடையது? வாடகை வீட்டில் சுவரில் துளை போட ஓனரிடம் அனுமதி வேண்டும். வீடு மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய பேனல் படிக்கட்டில் இறங்கி, டெம்போவில் ஏற வேண்டும். உடைந்தால் பேனல் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடலாம். டிவி போன பிறகும் இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே, பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் வாடகைக்கு இருப்பவருக்கு 55 என்பதே நியாயமான உச்சவரம்பு. கீழே உட்கார்ந்து பார்ப்பவர்கள் இருந்தால், எஸ்டி சேனல்தான் அதிகம் என்றால், 43 ஒன்றும் கஞ்சத்தனம் இல்லை. எல்லோரும் எட்டடி தள்ளி சோபாவில், ஓடுவது பெரும்பாலும் 4கே ஓடிடி, சொந்த வீடு என்று மூன்றும் பொருந்தினால் 65-ஐ யோசிக்கலாம்.

இன்னும் சந்தேகமா? பழைய பேப்பரை 122-க்கு 68 செ.மீ. அளவில் வெட்டி, டிவி வரவேண்டிய உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். 55 இன்ச் திரையின் அளவு அதுதான். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். சோபாவிலிருந்து பாருங்கள், பாயில் உட்கார்ந்தும் பாருங்கள். அதுவரை கிரெடிட் கார்டு பர்ஸிலேயே இருக்கட்டும்.