ஓவன் இல்லாத வீட்டுக்கும் கேக் உண்டு

உம்மாமார், வாப்பாமார் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணையில் ஒரு பிள்ளை தன் பிறந்த நாளன்று வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் கேட்டோம். "கேக் இல்லாம வர வெட்கம் டீச்சர்" என்றாள். இதில் எங்களுக்கும் பங்கிருக்கிறது. ஐசிங் கேக் வரும்போதெல்லாம் மேசையை ஒதுக்கிக் கொடுத்து, போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போட்டது நாங்கள்தானே.

அதனால் இந்த லீவில் சீன வீடுகளில் செய்யும் சாதாரண கேக் ஒன்றைச் செய்து பார்த்தோம். 'ஜீ தான் காவ்' என்பார்கள். கோழிமுட்டை கேக் என்று பொருள். அங்கே முன்பு பெரும்பாலான வீடுகளில் ஓவன் கிடையாது. ஆவியில்தான் அவித்தார்கள், நாம் வட்டலப்பம் அவிப்பது போல.

சீனப் பலகாரம் என்றதும் ஹலாலா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், அங்கே பல பலகாரங்களில் பன்றிக் கொழுப்பு சேரும். நாங்கள் செய்ததில் 4 முட்டை, 100 கிராம் சீனி, 100 கிராம் கோதுமை மா, சில துளி தேசிக்காய்ப் புளி. அவ்வளவுதான். பட்டர் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. (சீனி என்ற பேரே சீனாவை வைத்து வந்ததுதான்!)

இந்தக் கேக்கை எழுப்புவது முட்டைக்குள் நாம் அடித்து ஏற்றும் காற்று. முட்டை, சீனி, புளி மூன்றையும் இளஞ்சூட்டு நீர் மேல் வைத்து அடியுங்கள். கையால் என்றால் 20 நிமிடமாவது ஆகும், தோள் வலிக்கும். கம்பியைத் தூக்கினால் கலவை நாடா போல விழ வேண்டும், விழுந்த தடம் உடனே மறையக் கூடாது. பிறகு மாவை அரித்து, மூன்று தடவையாகப் போட்டு, அகப்பையால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டுங்கள். முதல் தடவை நாங்கள் மா போட்ட பிறகும் அடித்தோம். ரொட்டி மாதிரித் தட்டையாக வந்தது! பிள்ளைகள் அதையும் தேத்தண்ணியில் தொட்டுத் தின்றுவிட்டார்கள்.

தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே தட்டை வையுங்கள். மூடியில் துணி கட்டாவிட்டால் நீர் சொட்டி மேல்பக்கம் குழியும். 25 நிமிடம் திறக்காதீர்கள்.

கேக் செய்து விற்றுக் குடும்பம் நடத்தும் நம் சகோதரிகளின் வயிற்றில் அடிக்க இதை எழுதவில்லை. கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் அவர்களிடமே வாங்குங்கள். வகுப்பறைக்கு மட்டும் அடுத்த தவணையிலிருந்து ஐசிங் கேக் அனுப்ப வேண்டாம். அவித்த கேக்கில் ஒரு துண்டு போதும், அதுவும் இயலாவிட்டால் பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்.

முட்டை அடிக்கும் கம்பி எங்களிடம் இரண்டு இருக்கிறது. தேவையானவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.